வரிசை வீடுகளை ஊராக்கும் விழா

உதகை என்று நாம் இன்று சுருக்கி வழங்கும் ஊர்ப்பெயரின் அடியில் 'மந்து' என்றொரு சொல் கிடக்கின்றது. நீலமலையில் தொதவர் குடியிருப்பை மலைவாழ் பிற மக்கள் மந்து என்பர். 'ஒற்றைக்கல் மந்து' என்பதே வெள்ளையர் வாயில் ஊட்டக்கமண்டு எனத் திரிந்து, பின்னர் வடமொழிப் பூச்சுப் பெற்று உதகமண்டலமாயிற்று என்பது அறிஞர் பலர் கருத்து. குடகு நாட்டினர் தம் ஊர்ப்பொதுவில் விழாவெடுத்து ஆடும் பசும்புல் திடலையும் மந்து என்றே கூறுகின்றனர். நம் மன்றும் மன்றமும் மந்தையும் இவற்றோடு ஒரு வேரில் கிளைத்த சொற்களே. ஊர் கூடுமிடம் மன்று, வழக்குரைக்குமிடம் மன்று, ஆடுமிடம் மன்று, மாலையில் ஆநிரை வந்து நிற்குமிடமும் மன்று. கூடுமிடத்தின் பெயரையே தன் தலைநகர்க்குப் பெயராகக் கொண்ட மலை அது.

அம்மலையில் இன்று மலைமக்கள் கூடும் மன்று எங்குள்ளது? இவ்வாறு கேட்டால் பலரும் மேத் திங்களைக் காட்டுவர். உதகைப் பூங்காவில் மலர்க்காட்சி, குன்னூர்ச் சிம்சு பூங்காவில் பழக்காட்சி, கோத்தகிரியில் காய்கறிக் காட்சி, கூடலூரில் நறுமணப் பொருட்காட்சி என அரசு கோடைவிழா எடுக்கின்றது. மலர்க்காட்சி 1896-ஆம் ஆண்டில் வெள்ளையர் தம் பொழுதுபோக்கிற்காகத் தொடங்கியது. ஆண்டவர் மாறினர், காண்பவரும் மாறினர், மலைமக்கள் மட்டும் அன்றும் இன்றும் பாத்தி கட்டுவோராகவும் தொட்டி சுமப்போராகவுமே நிற்கின்றனர். ஊர்திப் பெருக்கம் தாங்கவொண்ணாது போகவே, சென்னை உயர்நெறிமன்றத்தின் ஆணைப்படி 2024-ஆம் ஆண்டு மே முதல் மின்வழி இசைவுச்சீட்டு முறை வந்தது. 2025-இல் நாளொன்றுக்கு 6,000, வார இறுதி நாள்களில் 8,000 ஊர்திகளே மலையேறலாம் என்று வரம்பும் கட்டப்பட்டது. அந்நாள்களில் மலையில் குடியிருப்போர் கடைத்தெருவுக்கும் போகவியலாமல் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றனர். தன் மக்களை வீட்டில் அடைத்துவிட்டு நடத்தும் ஒன்றை விழா என்னலாமா?

மலர்க்காட்சியை வெறுத்து யாம் இதனைக் கூறவில்லை. அதனால் பலர்க்குப் பிழைப்பு உண்டு; பூவைக் கண்டு மகிழ்தல் குற்றமும் அன்று. ஆனால் நுழைவுச்சீட்டு வாங்கிக் காண்பது காட்சி. வரி கொடுத்துத் தோளும் கொடுத்து நடத்துவது விழா. இவ்விரண்டன் வேறுபாடு தெரிய வேண்டுமானால், பேருந்து நிலையத்தை விட்டுப் புறப்பட்டுத் தேயிலைத் தோட்டங்களின் வரிசை வீடுகளுக்குப் போதல் வேண்டும். (தோட்டத்து மக்கள் அவற்றை 'லயம்' என்பர்; 'லைன்' என்பாரும் உளர். இரண்டும் ஆங்கிலத்தின் எச்சங்களே. விடியலில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தைப் 'பெரட்டு' என்கின்றனரே, அஃதும் வெள்ளையன் படையணிக்கு இட்ட பெயரின் சிதைவே. அடிமை வாழ்வு மொழியில் விட்ட தழும்புகள் இவை. தழும்பைக் காட்டி அதனை உடையவனையே இகழ்தல் நமக்குத் தகாது.)

அவ்வரிசை வீடுகளுக்கு மக்கள் எவ்வாறு வந்து சேர்ந்தனர் என்பதை முதலில் நினைவுகூர்வோம். திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வறட்சியும் கடனும் துரத்த, கங்காணிகளின் பின்னே கடல் கடந்து இலங்கை மலைகளுக்குச் சென்றோரின் கொடிவழியினர் அவர்கள். முதலில் காப்பி, பின்னர்த் தேயிலை என்று காட்டை வெட்டி நாடாக்கிய அவ்வுழைப்பாளர்க்கு, விடுதலை பெற்ற இலங்கை வழங்கிய முதற்பரிசு 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம். ஏறத்தாழ 7 இலக்கம் தமிழர் ஒரு சட்டத்தால் நாடற்றோராயினர். பின்பு 1964 அத்தோபர் 30-ஆம் நாள் தில்லியில் இலால் பகதூர் சாத்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் உடன்பாடு கண்டனர். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அதன் முடிபு. 1974-இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் அவ்வெச்சத்தை ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொண்டனர். பாகப்பிரிவினையில் மாட்டைப் பிரிக்கும்போதுகூடக் கன்றைத் தாயோடு விடுவர். இங்கோ தாய் ஒரு நாடு, மகன் ஒரு நாடு என்று பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ! அம்மக்களை ஒரு சொல் கேட்டாரும் இலர்.

தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபத்தில் காத்துக் கிடந்து வந்தோரில் ஒரு பகுதியினர் நீலமலைக்கு அனுப்பப்பட்டனர். அவர்கட்கு வேலை கொடுப்பதற்கென்றே 1968-இல் தமிழ்நாட்டரசு காட்டுத்துறையின்கீழ்த் தேயிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 1976-இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. குன்னூர், கோத்தகிரி, பாண்டியாறு, நெல்லியாளம், சேரங்கோடு, சேரம்பாடி என அதன் தோட்டங்கள் விரிந்தன. காட்டை வெட்டி நாடாக்கும் வேலை அதே மக்களுக்கு இரண்டாம் முறையும் வாய்த்தது. அங்கே இருந்தவரை 'இந்தியத் தமிழர்', 'கள்ளத்தோணி'. இங்கே வந்தபின் 'சிலோன்காரர்'. சொந்த மண் என்று நம்பி வந்த இடத்திலும் அவர்களின் பெயருக்கு முன்னே அயல்நாடு ஒட்டிக்கொண்டது. ஒட்டியவர் யார்? சிங்களர் அல்லர், நாமே.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். ஒரு வரிசையில் பத்து வீடுகள் உண்டெனின், ஒரு வீட்டார் பதுளையிலிருந்தும், அடுத்தவர் அட்டனிலிருந்தும், மூன்றாமவர் கண்டிப் பக்கத்திலிருந்தும் வந்தோராய் இருந்தனர். ஒருவர் முகம் ஒருவர் அறியார். அவர்களின் முன்னோரைப் புதைத்த மண் அங்கே. உறவினர் பலரும் அங்கே. கூலி, அரிசி, வீடு ஆகியவற்றை அரசு கொடுத்தது. அயலானை உறவினன் ஆக்கும் ஆற்றல் எந்த அரசாணைக்கும் இல்லை. அதனை அம்மக்களே செய்துகொண்டனர். எப்படி? வரிசைக்கு அருகில் ஒரு மரத்தடியைத் துப்புரவாக்கினர். ஒரு கல்லை நட்டு மாரியம்மன் என்றனர். கல் நட்டதற்கு வரி பிரிக்க வேண்டும்; வரி பிரிக்கக் குழு வேண்டும்; குழுவுக்கு ஆள் வேண்டும்; ஆளுக்குப் பெயர் வேண்டும். அதுவரை வீட்டு எண்ணாக இருந்தவர் அன்று முதல் பெயரும் முறையும் பெற்றார். அண்ணன், மாமன், மச்சான், அத்தை என்று அழைக்கத் தொடங்கினர். வரிசை வீடுகள் ஊராகத் தொடங்கியது அங்கேதான்.

அவர்கள் கொண்டுவந்த விழாக்களுள் தனித்துச் சொல்லத் தக்கது காமன் கூத்து. தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டைச் சிற்றூர்களிலிருந்து கடல் கடந்து சென்ற இக்கூத்து, இலங்கை மலையகத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் வேர்விட்டது. மூன்று நான்கு தலைமுறை கழிந்து, பெட்டியும் பாத்திரமும் சுமந்து வந்தோரின் நினைவில் ஏறி மீண்டும் கடல் கடந்தது. பெட்டியில் வந்ததைச் சுங்கத்தார் கணக்கெடுத்தனர். நெஞ்சில் வந்ததை எவரும் கணக்கெடுக்கவில்லை.

மாசித் திங்களில் காருவா கழிந்த மூன்றாம் நாளை ஒட்டிக் காமன் ஊன்றுவர். ஆமணக்கு, கரும்பு முதலியவற்றைச் சேர்த்துக் கட்டிய கம்பத்தைக் குழிவெட்டி நடுவர். அன்று தொடங்கி வெள்ளுவா வரை ஒவ்வோர் இரவும் கம்பத்தைச் சுற்றித் தப்பு முழங்கும். நிறைவு நாளில் மதனும் இரதியும் கோலங்கொண்டு, விடியும்வரை வீடு வீடாக, வரிசை வரிசையாக வருவர். தக்கன், தூதன், வீரபத்திரன் என வேடங்கள் பல. இறுதியில் காமன் எரிவான், இரதி அழுவாள், பின் அவன் எழுவான். இரதியின் அழுகையைக் கேட்டோர் அஃது ஒரு தெய்வப் பெண்ணின் அழுகை என்று கொள்வதில்லை. கணவனை அங்கே புதைத்துவிட்டு இங்கே வந்த பெண்டிர் அவ்வழுகையில் தம் அழுகையைச் சேர்த்தழுவர். தனியே அழுதால் வீட்டுத் துயர்; ஊர் நடுவில் அழுதால் ஊர்த்துயர்.

கூடலூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இக்கூத்தின் நிறைவு இரவை யாம் ஒருமுறை கண்டோம். பனி கொட்டுகின்றது. கோலம் தாங்கியோர் ஒவ்வொரு வாயிலிலும் நிற்கின்றனர். வீட்டார் தட்டில் வெற்றிலை பாக்கும் தம்மால் இயன்ற காசும் வைத்து வெளியே வருகின்றனர். ஒரு வீட்டில் விளக்கில்லை. அழைத்தும் கதவு திறக்கவில்லை. முன்னவர் ஒருவர் கூத்தை நிறுத்திவிட்டார். விளக்கில்லாத வாயிலைத் தாண்டிப் போதல் அவர்கள் முறையில் இல்லை. இருவர் பின்புறமாகச் சென்று பார்த்தனர். உள்ளே காய்ச்சலில் தனியே கிடந்த மூதாட்டியைக் கண்டு, ஒருத்தி கஞ்சி காய்ச்சப் போனாள். ஓரிளைஞன் தோட்ட மருத்துவவிடுதியின் ஊர்திக்கு ஓடினான். கூத்து ஒரு மணிநேரம் நின்றது, எவரும் முணுமுணுத்திலர். ஆண்டுக்கு ஓரிரவேனும் ஊரார் அனைவரும் ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் நின்றே தீர வேண்டும் என்று ஒரு முறையை வகுத்தவன் எவனோ, அவனுக்கு நம் குமுகாயத் திட்டங்களை வகுப்போர் கைகட்டிப் பாடங்கேட்கலாம்.

இவ்விடத்தில் நம்மவர் சிலர் குறுக்கிடுவர் என்பதை அறிவோம். "காமனைச் சிவன் எரித்தான் என்பது வடவர் புராணம். இரதி என்பதும் மதன் என்பதும் வடசொல். தனித்தமிழியக்கத்தார் இதனைப் பாராட்டலாமா?" என்பர். வினா முறையானதே. விடையும் உண்டு. எரித்த கதை வருமுன்னரே தமிழகத்தில் காமவேள் விழா இருந்தது. கலித்தொகையைக் கற்றோர் இதனை அறிவர். அஃது இளவேனில் விழா. காதலர் கூடும் விழா. வேள் என்பது தூய தமிழ்ப்பெயர். அதன்மேல் புராணம் பின்னர் வந்து படிந்தது. பாசி படிந்தது என்பதற்காகக் குளத்தைத் தூர்ப்பார் உண்டோ? தஞ்சைப் பக்கத்தில் காமன் எரிந்தான் என ஓரணியும் எரியவில்லை என ஓரணியும் இரவெல்லாம் இலாவணி பாடி வழக்காடுவர். இலாவணி மராட்டியர் வழி வந்த பாட்டு முறைதான். ஆயினும் கடவுள் செய்ததாகச் சொல்லப்பட்ட ஒன்றை ஊர் நடுவில் 'நடக்கவே இல்லை' என்று மறுத்துப் பாட ஓரணியையே ஒதுக்கிவைத்த மக்களைப் புராண அடிமைகள் என எளிதில் தள்ளிவிட முடியாது.

மணிமேகலையையும் எண்ணிப் பார்க்கலாம். புகார் நகரில் 28 நாள் விழா நடக்கவிருப்பதை யானைமேல் முரசறைந்து அறிவிப்பவன், தெருவைத் துப்புரவு செய்க, பந்தலிடுக என்பதோடு நில்லாது, பகையும் பூசலும் விட்டு நீங்குக என்றும் கூறுகின்றான். அவ்விழா இந்திரனுக்கு உரியது. நமக்கோ இந்திரன் வேண்டா. ஆனால் விழா நாள்களில் பகை கூடாது என்று அரசே முரசறையும் முறைமை நமக்கு வேண்டும். கதையைக் களைந்துவிட்டு முறைமையைக் காத்துக்கொள்ளும் கூர்மை நம்மிடம் இல்லாது போயிற்று. கதையோடு கூட்டத்தையும் சேர்த்தே தள்ளிவிட்டோம்.

அதன் விளைவை நம் கூட்டங்களில் காணலாம். நீலமலையில் நம் அன்பர்கள் நடத்தும் கூட்டங்களுக்கு யார் வருகின்றனர்? ஆசிரியர் நால்வர், அலுவலகத்தார் மூவர், ஓய்வுபெற்றோர் ஐவர். அனைவரும் முன்பே நம் கொள்கையை ஏற்றோர். தூய தமிழில் உரையாற்றித் தூய தமிழில் நன்றி கூறிக் கலைகின்றோம். அதே நாளில் இரண்டு கல் தொலைவில், கொழுந்து பறிக்கும் 300 பேர் தப்பொலிக்குக் கூடி, விடியும்வரை தமிழில் பாடித் தமிழில் சிரித்துத் தமிழில் அழுகின்றனர். அங்கே நம்மவர் ஒருவரும் இல்லை. மன்றம் என்று பெயர்ப்பலகை மாட்டிய இடத்தில் மக்கள் இல்லை; மக்கள் உள்ள மன்றில் நாம் இல்லை. மொழியைக் காப்பது அகரமுதலி மட்டும் என்று நினைப்பின், அது நம் பிழைபட்ட நினைப்பு. பேசுவதற்கு அயலான் ஒருவன் இருந்து, அவனோடு பேச ஒரு பொழுதும் இருந்தாலன்றி எம்மொழியும் வாழாது. தோட்டத்துப் பிள்ளைகள் கொச்சை ஆங்கிலத்தை நோக்கி ஓடுவது பள்ளியால் மட்டுமா? மாலைநேரத்தில் வீட்டுக்கு வெளியே கூடிப் பேசும் பழக்கம் அற்று, ஆளுக்கொரு கைப்பேசியோடு சுவரைப் பார்த்து அமர்வதாலும் ஆகும்.

ஆயினும், தோட்டத்து விழா அனைத்தும் பொன் என்று கூறி நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளலும் வேண்டா. அதிலுள்ள கறைகளுள் பெரியது சாதி. தப்பு முழங்காமல் காமன் இல்லை. ஆனால் தப்படிப்போனை மட்டும் ஒரு சாதிக்கென ஒதுக்கி, அவனைத் திடலின் ஓரத்திலேயே நிறுத்திவைக்கும் இழிவழக்கம் நம் நாட்டுச் சிற்றூர்களில் இருப்பது போலவே மலையிலும் ஒட்டிக்கொண்டு ஏறியுள்ளது. கப்பலில் வந்தபோது எல்லாருக்கும் ஒரே தளம். கொழுந்து எடுக்கையில் எல்லார் முதுகிலும் ஒரே கூடை. விழாத் திடலில் மட்டும் இடம் வேறாவது ஏன்? இதனைத் தீர்க்கத் தீர்மானம் பயன்படாது. எல்லாச் சாதி இளைஞரும் தப்பைக் கையில் எடுத்தடிக்கக் கற்றுக்கொண்டால் தீரும். பறை தமிழரின் முதற்கருவி என்று மேடையில் முழங்குவோர், அதனைத் தம் தோளில் மாட்டத் தயங்குவது எதனால்?

இன்னொன்று பெண்டிர் நிலை. தேயிலை மலையின் உழைப்பில் பெரும்பங்கு பெண்களுடையது. கொழுந்தெடுப்பு அவர்கள் கையில். விழா வரியும் பெரிதும் அவர்கள் கூலியிலிருந்தே வருகின்றது. குழுவிலோ அவர்கட்கு இடமில்லை. இரதி கோலத்தையும் ஆடவனே புனைகின்றான். விழாக் கணக்கைப் பெண்கள் கையில் ஒப்படைத்துப் பாருங்கள். குடிக்குப் போகும் காசு அந்த ஆண்டே நின்றுவிடும். ஒலிபெருக்கியில் திரைப்பாட்டைக் கூச்சலிட விடுவதையும், பந்தற்காலுக்குக் கட்சிக்கொடி கட்டுவதையும் பற்றி நீள எழுத வேண்டியதில்லை. ஊர் வரியில் நடக்கும் விழாவுக்குக் கட்சிக்காரர் ஒருவர் பந்தற்செலவை ஏற்றவுடன் அவர் பெயர் ஊரின் பெயரைவிடப் பெரிதாக எழுதப்படும். அடுத்த ஆண்டு அவர் வாராவிடின் விழாவும் வாராது. பழைய இலங்கைத் தோட்டங்களில் பெரிய கங்காணிக்கும் துரைக்கும் முதல் மாலை போட்டுவிட்டே அம்மனுக்குப் போடுவராம். அந்த மாலையைத் துறந்து வந்த மக்கள், வேறு கழுத்தைத் தேடிக்கொண்டு அலைய வேண்டா.

இனி, நீலமலை நமக்கு மட்டும் உரிய மலையன்று என்பதையும் இங்குச் சொல்லியாக வேண்டும். தொதவர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர் ஆகியோர் நமக்கு முன்னரே அங்கு வாழ்வோர். அவர்தம் மொழிகள் நம் மொழியின் உடன்பிறப்புகள்; அவற்றை வழக்கிழந்த தமிழ் என்று கூறி விழுங்க நினைப்பது, வடவர் நம்மை விழுங்க நினைப்பதற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. படகர் மார்கழி நிறைவில் பேரகணியில் எத்தையம்மன் விழாவுக்கு வெள்ளுடை உடுத்து மலைமுழுதிலுமிருந்து வந்து கூடுகின்றனர். அவ்வொழுங்கையும் ஒற்றுமையையும் கண்டு கற்க வேண்டியது நிரம்ப உண்டு. பழங்காலத்தில் கோத்தர் இரும்புக் கருவியும் மட்கலமும் இசையும் கொடுத்தனர். தொதவர் பாற்பொருள் கொடுத்தனர். படகர் கூலம் கொடுத்தனர். குறும்பர் காட்டுப்பொருள் கொடுத்தனர். அக்கொடுக்கல் வாங்கலில் ஏற்றத்தாழ்வு இருந்தது மெய்யே. ஆயினும் ஒருவர் சாவுக்கு மற்றவர் வந்து நின்றனர்.

உதகை மாரியம்மன் கோயில் சித்திரைத் தேர்விழாவில் ஒவ்வொரு நாளையும் ஒவ்வொரு வகுப்பார் ஏற்று நடத்துகின்றனர். கன்னடர்க்கு ஒரு நாள், மலையாளிகட்கு ஒரு நாள், படகர்க்கு ஒரு நாள், இன்னும் பலர்க்கும் பல நாள். எவரையும் விலக்காமல் அனைவர்க்கும் பங்கு தரும் நல்லேற்பாடுதான். ஆனால் அவரவர் நாளில் அவரவரே வந்து அவரவர் ஊர்வலத்தை நடத்திவிட்டுப் போய்விட்டால், நாள்களே அடுத்தடுத்து நிற்கும், மக்கள் நில்லார். வரிசை வீட்டுக் காமனில் அவ்வாறு பங்கிட நாள் இல்லை. ஒரே குழி, ஒரே கம்பம். பெரிய கோயிலின் செல்வத்தினும் சிறிய திடலின் நெருக்கம் ஊராக்கத்துக்கு வலியது என்பது எம் கருத்து.

தோட்டங்களுக்கு இப்போது வேறொரு வகையினரும் வந்துள்ளனர். நம் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிவிட, சார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தோர் கொழுந்தெடுக்கின்றனர். அளவிறந்த வெளியார் குடியேற்றம் பற்றி நம் இயக்கத்தின் கொள்கை தெளிவானது. அதனை இங்கு மீண்டும் உரைக்கத் தேவையில்லை. தடுக்கவேண்டிய இடம் சட்டமன்றமும் அரசும். ஏற்கெனவே வந்து அடுத்த வீட்டில் படுத்திருக்கும் கூலியாளைப் பொங்கல் நாளில் அழையாது விடுவது எவ்வகைத் தமிழ்ப்பண்பு? வந்தவனை வந்தவனாகவே வைத்து, அவன் மொழியிலேயே நாம் அரைகுறையாகப் பேசப் பழகுவதால் இழப்பு நமக்கே. பொங்கல் பானைக்கருகே நிறுத்தி, அரிசி, வெல்லம், அடுப்பு, பால் என்று அவன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால், ஓராண்டில் அப்பிள்ளை தமிழில் சண்டையிடும். இலங்கையில் நம் மக்களை நூறாண்டு கழிந்தும் வந்தேறி என்றே வைத்திருந்தோர் என்ன பெற்றனர் என்பதை நாம் பார்த்தோமல்லமோ?

இவ்வளவும் பேச ஊர் இருக்க வேண்டும். இன்று அச்சம் அங்கேதான். தோட்ட வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. 20 வயதில் வந்து, 60 வயதுவரை ஒரே வரிசையில் வாழ்ந்து, ஊரை உண்டாக்கியவரே ஓய்வு நாளில் அவ்வூரை விட்டு நீங்க வேண்டியவராகின்றார். தேயிலைத் தோட்டக் கழகம் ஆண்டுக்காண்டு இழப்பில் உழன்று, 2022-இல் 2,000 எக்டேருக்கு மேற்பட்ட நிலத்தைக் காட்டுத்துறைக்கே திருப்பிக் கொடுக்க அரசு முடிவு செய்தது. காடு மீள்வதை யாம் எதிர்க்கவில்லை. யானைக்கும் வழி வேண்டும். ஆனால் நிலக்கணக்கில் தேயிலைச்செடி எழுதப்பட்டுள்ளது. மரத்தடிக் கல்லும் காமன் திடலும் எழுதப்படவில்லை. கூடலூர்ப் பகுதியில் தோட்டத்துக்கு வெளியே குடிசையிட்டோர் நிலையும் இரங்கத்தக்கது. 1969-ஆம் ஆண்டின் சன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் சிக்கிய நிலங்களில் வாழ்வோர்க்கு அரை நூற்றாண்டு கடந்தும் பட்டா இல்லை. பட்டா இல்லாத ஊரில் ஓர் அரசு அலுவலர் வந்து "நீங்கள் யார்?" என்றால், "நாங்கள் இவ்வூரார்" என்று காட்ட அவர்களிடம் இருப்பது விழாக்கணக்கு எழுதிய பழைய ஏடு ஒன்றே.

ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர்க்கு வீடு கட்டித் தரும் திட்டத்தை அரசு பேசுகின்றது, நன்று. கட்டும் இடத்தைத் தொழிலாளரைக் கேட்டு முடிவு செய்க. ஒரு வரிசையில் இருந்தோரை ஒரே தெருவில் குடியமர்த்துக. குலுக்குச் சீட்டில் வீடு கொடுத்து, 1964-இல் செய்ததை மூன்றாம் முறையும் செய்துவிடாதிருக்க. வீட்டுமனை வரைவில் தெருவும் சாய்கடையும் குறிப்பது போலவே, நடுவில் ஒரு திடலையும் குறித்துப் பொதுநிலமாகப் பதிவு செய்க. நூறு வீட்டுக்கு அரைக் குறுக்கம் போதும். அதனைச் சுற்றி வேலியும் வேண்டா, திறப்புவிழாக் கல்வெட்டும் வேண்டா.

நம் கிளையினர் செய்யவேண்டியவை இவற்றினும் எளியன. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் அன்பர்கள் தத்தமக்கு அணித்தான தோட்டம் ஒன்றைத் தெரிந்துகொள்க. மாசியில் காமன் குழி வெட்டும் நாளில், சொற்பொழிவுக் குறிப்போடு போகாமல் மண்வெட்டியோடு போக. வரிக் குழுவினர் கேட்கும் தொகையை மற்றவரைப் போலவே கொடுக்க. கூடுதலாகக் கொடுத்து முதல் மாலை வாங்காதிருக்க. கூத்தின் பாட்டு அறிந்த முதியவர்கள் இன்னும் உயிரோடிருக்கின்றனர். அவர்கள் பாடுவதை ஒலிப்பதிவு செய்து, பாடுபவர் சொல்லும் சொல்லையே திருத்தாமல் எழுதி வைக்க. 'லயம்', 'பெரட்டு' என்று வந்தாலும் வரட்டும்; அதற்குரிய நல்ல தமிழ்ச்சொல்லைப் பிள்ளைகளோடு பேசும்போது நாம் வழங்கினால் போதும். திங்கள்தோறும் ஒரு மாலை, கூலி நாளுக்கு மறுநாள், அதே திடலில் ஒன்று கூடும் பழக்கத்தை அவர்களோடு கலந்து தொடங்கலாம். அதற்குப் பெயர் வைக்கும் உரிமையை அவர்கட்கே விட்டுவிடுக.